காட்டாற்றில் நின்றவரின் காய்ச்சல்: ஒரு தூண்டில் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரில் காய்ச்சல், தலைவலி, உடல்வலி என்று கிளினிக்குக்குப் போனால் மருத்துவருக்கு முதலில் டெங்கிதான் நினைவுக்கு வரும். அதில் தவறே இல்லை. இந்த ஊரில் டெங்கி ஆண்டு முழுவதும் இருக்கிறது. ஆனால் மலேசியக் காட்டுக்குள் மீன் பிடிக்கப் போய்வந்தவரின் காய்ச்சலுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். அப்படி ஒன்றுதான் எங்கள் தூண்டில் குழுவில் ஒருவரின் சிறுநீரகத்தைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டது.

அவருடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். பெயர், வேலையிடம், மருத்துவமனை எதையும் சொல்லப்போவதில்லை. முப்பதுகளின் பின்பாதியில் இருப்பவர், உட்லண்ட்ஸ்வாசி, சர்க்கரையோ இரத்த அழுத்தமோ கிடையாது, வாரத்தில் சில நாள் ஓடுபவர். மருத்துவ விவரங்கள் எல்லாம் அவருடைய அறிக்கைகளில் இருந்தவை, அவரைக் கவனித்த மருத்துவர்கள் பொறுமையாக விளக்கியவை. நாங்கள் ஐந்து பேரும் ஒரே ஆற்றில்தான் நின்றோம். அவருக்கு மட்டும் ஏன் இவ்வளவு மோசமானது, நோயின் பெயர் தெரிய ஏன் ஆறு நாள் ஆனது என்ற இரண்டு கேள்விகளும்தான் இந்த ஆய்வு.

பயணம்

போன இடம் பேராக் மாநிலத்தின் வடக்கே இருக்கும் தெமெங்கோர் ஏரி. இரவோடு இரவாகத் துவாஸ் இரண்டாம் இணைப்பைக் கடந்து, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கோலகங்சார் வரை ஓட்டி, அங்கிருந்து லெங்கோங், கிரிக் வழியாகப் பண்டிங் படகுத்துறைக்குப் போக வேண்டும். 1970களில் அணை கட்டியபோது பள்ளத்தாக்கு மூழ்கி உண்டான ஏரி இது. பரப்பு சுமார் 150 சதுர கிலோமீட்டர். வடக்கே 2007ல் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அரச பெலும் காடு, ஏறத்தாழ 1,17,500 ஹெக்டேர். மூழ்கிய மரங்களின் பட்டுப்போன உச்சிகள் இன்னும் நீருக்கு மேலே நிற்கின்றன. அந்த மரங்களுக்கு இடையில்தான் தோமான் பதுங்கியிருக்கும். நம் ஊர் விராலின் பெரிய அண்ணன் அது. தவளை லூர் (தவளை வடிவப் போலி இரை) ஒன்றைப் போட்டு மெதுவாக இழுத்தால் தண்ணீரே வெடித்ததுபோல் மேலே வந்து கவ்வும். குஞ்சுகளைக் கூட்டமாகக் காத்துக்கொண்டிருக்கும் தோமானின்மீது மட்டும் நாங்கள் லூர் வீசுவதில்லை. தாய் தகப்பன் போனால் அந்தக் கூட்டம் அதிக நேரம் தாங்காது.

ஏரியில் படகைவிட்டு இறங்க வேண்டிய தேவையே இல்லை. இந்த நிகழ்வு அங்கே நடக்கவும் இல்லை. ஏரியில் வந்து சேரும் ஆறு ஒன்றில் மேலே போய், கரையில் கூடாரம் அடித்துத் தங்கிய நாட்களில் நடந்தது. அங்கே நாங்கள் தேடிப் போனது செபராவ், கெலா என்ற ஆற்று மீன்களை. செபராவ் வேகமான நீரில் நிற்கும், ஸ்பூன் லூரைப் பார்த்தால் பாய்ந்து வரும். கெலா அப்படியல்ல. ஆழமான மடுக்களில் இருக்கும். கரையோர அத்திப்பழம் விழும் இடத்தைத் தெரிந்து வைத்திருக்கும். செம்பனைப் பழத்தை முள்ளில் கோத்துப் போட்டால் சில சமயம் எடுக்கும். பிடித்ததை எல்லாம் திரும்ப விட்டுவிட்டோம். இந்த மீன்களைத் தேடும்போது ஆற்றுக்குள் இறங்காமல் முடியாது. முழங்கால் அளவு, இடுப்பு அளவு நீரில் மணிக்கணக்காக நின்றோம்.

முந்தைய இரவு நல்ல மழை. காலையில் ஆறு தே தாரே (இழுத்து ஆற்றிய பால்தேநீர்) நிறத்தில் ஓடியது. படகுக்காரர் ஜஹாய் பூர்வகுடியைச் சேர்ந்தவர். கலங்கிய தண்ணீரில் மீன் எடுக்காது, ஒரு நாள் பொறுங்கள் என்றார். அவர் சொன்னது மீனைப் பற்றி. ஆனால் உடம்புக்கும் அதுதான் சரியான அறிவுரை என்பது பின்னால் புரிந்தது.

நண்பர் அணிந்திருந்தது வார் வைத்த ரப்பர் செருப்பு. இரண்டாம் நாளே வலது குதிகாலில் வார் உரசித் தோல் உரிந்து போயிருந்தது. இரண்டு கால்களிலும் அட்டை கடித்த இடங்கள். செபராவின் வாயிலிருந்து மூன்று முள் கொக்கியைக் கழற்றும்போது உள்ளங்கையில் ஒரு குத்து. அதை ஆற்றிலேயே கழுவிக்கொண்டு மறுபடி தூண்டிலைப் பிடித்தார். தூண்டில் பிடிக்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான் இது. கூடாரத்தில் அரிசி மூட்டையும் பிஸ்கட்டும் திறந்தே கிடந்தன. இரவில் எலிகள் ஓடும் சத்தத்தை எல்லோரும் கேட்டோம், யாரும் எழுந்திருக்கவில்லை.

காய்ச்சல்

ஊர் திரும்பியபோது எல்லோரும் நன்றாகத்தான் இருந்தோம். ஆற்றில் நின்று ஏறக்குறைய பத்து நாள் கழித்து, ஒரு புதன்கிழமை மாலை அவருக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் தொடங்கியது. கண்ணுக்குப் பின்னால் தலைவலி. அதைவிட மோசம் கெண்டைக்கால் வலி. படி இறங்க முடியவில்லை, கால் மேல் போர்வை பட்டாலே வலித்தது. காட்டில் நடந்த அலுப்பு இப்போது காட்டுகிறது என்று அவரே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். பத்து நாள் கழித்து எந்த அலுப்பும் அப்படித் திரும்பி வருவதில்லை.

மறுநாள் கிளினிக். அண்மையில் வெளிநாடு போனீர்களா என்று மருத்துவர் கேட்டார். "மலேசியா மட்டும்தான்" என்றார் இவர். இந்த நிகழ்வு முழுவதும் அந்த இரண்டு சொற்களில்தான் தொங்குகிறது என்பது என் கருத்து. சொன்னது உண்மைதான். மருத்துவரும் குறித்துக்கொண்டார். ஆனால் சிங்கப்பூர்க் கிளினிக்கில் 'மலேசியா' என்றால் ஜோகூர் பாரு என்று அர்த்தம்: பெட்ரோல், கடலுணவு, சந்தையில் சாமான் வாங்கியது. வாரம் தவறாமல் கடற்பாலம் தாண்டும் ஊரில் அதை யாரும் பயணக் கணக்கில் சேர்ப்பதில்லை. இடுப்பளவு கலங்கல் நீர், உரிந்த குதிகால், அட்டைக்கடி எதுவும் அந்த அறைக்குள் வரவில்லை. டெங்கிக்கான என்எஸ்1 சோதனை செய்தார்கள், இல்லை என்று வந்தது. பாராசிட்டமோலும் எம்சியும் (மருத்துவ விடுப்புச் சான்று) கொடுத்து, குறையாவிட்டால் திரும்ப வாருங்கள் என்று அனுப்பினார்கள். கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அந்த மருத்துவர் செய்ததில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை.

சனிக்கிழமை காய்ச்சல் சற்று இறங்கியது. எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் கண்கள் இரண்டும் சிவந்திருந்தன. கண்ணோய் என்று நினைத்துச் சொட்டு மருந்து வாங்கினார்கள். அவர் மனைவிக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று பட்டது. பீளை இல்லை, உறுத்தல் இல்லை, வெள்ளை விழி மட்டும் இரத்தம் கட்டியதுபோல் சிவந்திருக்கிறது, இது என்ன கண்ணோய்? ஞாயிறன்று வாந்தி. திங்கட்கிழமை காலையில் சிறுநீர் கறுத்துப் போய்க் கொஞ்சமாகத்தான் வந்தது. விழியில் சிவப்போடு மஞ்சளும் சேர்ந்திருந்தது.

அன்று காலை அவர் மனைவி எனக்குப் போன் செய்தார். "அண்ணே, அங்க போய் என்னென்ன பண்ணீங்க, ஒன்னு விடாம சொல்லுங்க. எந்தத் தண்ணில நின்னாரு, என்ன குடிச்சாரு, எங்க படுத்தாரு, எல்லாம் வேணும்." மற்றவர்களையும் இப்படியே கேட்டார். எல்லாவற்றையும் ஒரே தாளில், தேதி போட்டு, ஆங்கிலத்தில் எழுதி, மொத்தம் அரைப் பக்கத்தில் முடித்து அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார். இந்த நிகழ்வில் நோயைக் கண்டுபிடித்தவர் யார் என்று என்னைக் கேட்டால் அவரைத்தான் சொல்வேன்.

அவசரப் பிரிவில்

அங்கே இருந்த மருத்துவர் தாளைப் படித்துவிட்டு முதலில் செய்தது கெண்டைக்காலை மெதுவாக அழுத்திப் பார்த்தது. நண்பர் கத்திவிட்டார். அடுத்துக் கண். பீளையில்லாத அந்தச் சிவப்பும் அந்தக் கால்வலியும் சேர்ந்தால் லெப்டோஸ்பைரோசிஸை நினைக்க வேண்டும் என்று அங்கேயே சொன்னார். தமிழில் நாம் எலிக்காய்ச்சல் என்கிறோமே, அதுதான்.

ஆனால் ஒரு பெயரோடு அவர்கள் நிற்கவில்லை. காட்டிலிருந்து வந்த காய்ச்சலுக்கு முக்கியமான சந்தேகங்கள் நான்கைந்து இருக்கின்றன, ஒவ்வொன்றையும் தேடிப் பார்த்தார்கள். அவசரமானது மலேரியா. 2004ல் சரவாக்கின் காப்பிட்டில் பல்பீர் சிங்கும் அவருடைய குழுவினரும் குரங்கு மலேரியாவான நோலெசி மனிதர்களிடம் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று காட்டினார்கள். நீண்ட வால் குரங்கிலிருந்து கொசு வழியாக வருவது அது. அந்தக் கிருமி இரத்தத்தில் 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகும், அதனால் ஒரு நாள் தாமதம்கூட ஆபத்து. இரத்தத் துளியை ஒரு முறை பார்த்து இல்லை என்று விடாமல் அடுத்தடுத்துப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. பிறகு உடம்பு முழுக்கக் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று தேடினார்கள். புதர்க்காடுகளில் இருக்கும் நுண்ணிய சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் பல பேரிடம் அப்படி ஒரு அடையாளத்தை விட்டுப் போகும். இல்லை. மெலியோய்டோசிஸ் இருக்குமோ என்று, இரத்தத்தில் கிருமி வளர்கிறதா பார்க்கும் கல்ச்சர் சோதனை வைத்தார்கள். மண்ணிலும் நீரிலும் இருக்கும் கிருமியால் வரும் நோய் அது. 2010ல் பகாங் மாநிலத்தின் லுபோக் யூவில் நீரில் மூழ்கியவரைத் தேடி இறங்கிய மீட்புப் பணியாளர்களில் சிலருக்கு அந்த நோயும் எலிக்காய்ச்சலும் சேர்ந்தே வந்தன, உயிரிழப்புகளும் நேர்ந்தன. டெங்கி மறுபடியும் இல்லை என்று வந்தது.

இரத்தச் சோதனை எல்லாவற்றையும் ஒரே திசையில் காட்டியது. தட்டணுக்கள் குறைவு. மஞ்சள் காமாலையின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபின் மிக அதிகம், ஆனால் கல்லீரல் நொதிகள் கொஞ்சமாகத்தான் ஏறியிருந்தன. வைரஸ் மஞ்சள் காமாலையில் இப்படி இருக்காது, அங்கே நொதிகள் தாறுமாறாக ஏறும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இயல்பைவிட மூன்று மடங்குக்கு மேல். சிறுநீரகம் செயலிழக்கும்போது பொட்டாசியம் வழக்கமாக ஏறும். இவருக்குக் குறைந்திருந்தது. லெப்டோஸ்பைரா கிருமி சிறுநீரகத்தின் நுண்குழாய்களைத் தாக்குவதால் பொட்டாசியம் சிறுநீரில் போய்விடுகிறது என்று விளக்கினார்கள். இந்த நோயைச் சந்தேகிக்க வைக்கும் நல்ல தடயங்களில் அது ஒன்று.

முடிவுக்காக யாரும் காத்திருக்கவில்லை. அன்றிரவே செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் இரத்தநாளம் வழியாக ஏறியது. முதல் டோஸுக்குப் பிறகு சில மணி நேரத்தில் கடும் நடுக்கம் வந்து காய்ச்சல் ஏறியது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று குடும்பம் பயந்துவிட்டது. கிருமிகள் கூட்டமாகச் சாகும்போது உடம்பு காட்டும் எதிர்வினை அது, இந்த வகைக் கிருமிகளில் எதிர்பார்க்கக்கூடியது என்றார்கள். மறுநாள் அடங்கியது. டயாலிசிஸுக்குத் தயாராகவே வைத்திருந்தார்கள். நல்லவேளை, மூன்றாம் நாள் சிறுநீர் தாராளமாக வரத் தொடங்கியது, அந்தத் தேவை வரவில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் முதல் ஐஜிஎம் சோதனை ஆமாம் இல்லை என்று சொல்ல முடியாத நிலையில் இருந்தது. இரண்டு வாரம் கழித்து எடுத்த இரண்டாவது இரத்தத்தில் எதிர்ப்பொருள் பல மடங்கு ஏறியிருந்தது, அதுதான் உறுதி செய்தது. இந்த நோயில் இது வழக்கம்தான். பெயர் உறுதியாகும் நேரத்தில் நோயாளி ஒன்று வீட்டில் இருப்பார், இல்லையென்றால் இருக்கவே மாட்டார். அதனால்தான் சந்தேகத்திலேயே மருந்தைத் தொடங்குகிறார்கள். அந்தச் சந்தேகம் வருவதற்குத் தகவல் வேண்டும்.

ஒரே ஆறு, ஐந்து பேர்

சிங்கப்பூரில் இது அறிவிக்கப்பட வேண்டிய நோய். எங்களையும் விசாரித்தார்கள். அப்போது குழுவில் இன்னொருவர், அதே வாரத்தில் தனக்கும் இரண்டு நாள் காய்ச்சலும் கால்வலியும் இருந்து தானாகப் போனதாகச் சொன்னார். சோதித்ததில் அவருக்கும் கிருமி பட்டிருந்தது தெரிந்தது. பெரும்பாலானவர்களுக்கு இந்த நோய் அப்படி வந்து அப்படியே போய்விடும். மஞ்சள் காமாலையும் சிறுநீரகச் செயலிழப்பும் சேர்ந்து வரும் கடுமையான வடிவம் சிலருக்கு மட்டும்தான். 1886ல் ஜெர்மன் மருத்துவர் அடோல்ஃப் வைல் விவரித்தது அந்த வடிவத்தை.

கிருமி எலி முதலான விலங்குகளின் சிறுநீரகத்தில் குடியிருந்து, அவற்றின் சிறுநீரோடு வெளியே வரும். ஈரமண்ணிலும் நன்னீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். மழை பெய்தால் கரைமண்ணெல்லாம் ஆற்றுக்குள் வரும். உரிந்த தோல், கண், மூக்கு, வாய் வழியாக உடம்பில் நுழையும். ஐந்து பேரில் நண்பருக்கு மட்டும்தான் திறந்த புண் இருந்தது, அதுவும் நாள் முழுக்க நீருக்குள்ளேயே இருந்த குதிகாலில். அதிக நேரம் ஆற்றில் நின்றவரும் அவர்தான். காரணம் அதுதான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தவிர்த்திருக்கக்கூடிய வேறுபாடு என்று பார்த்தால் என் கண்ணுக்கு அது ஒன்றுதான் தெரிகிறது.

இந்த வட்டாரத்தில் இது புதிய கதையும் அல்ல. 1920களிலேயே கோலாலம்பூரில் வில்லியம் ஃப்ளெட்சர் இந்த நோயைப் பதிவு செய்தார். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை எதிர்த்த அவசரகாலத்தின்போது (1948–60) மலாயாக் காடுகளில் சுற்றிய பிரிட்டிஷ், கூர்க்காப் படையினர் பலர் இதனால் படுத்தார்கள். நம்மைப் போல விரும்பிக் காட்டுக்குப் போகிறவர்களுக்கு மிகப் பொருத்தமான உதாரணம் 2000ஆம் ஆண்டு சபாவில் நடந்த ஈக்கோ சேலஞ்ச் சாகசப் போட்டி. 304 பேர் கலந்துகொண்டார்கள். பிறகு தொடர்புகொள்ள முடிந்த 189 பேரில் 80 பேருக்கு, அதாவது 42 விழுக்காட்டினருக்கு, எலிக்காய்ச்சலின் அறிகுறிகள் இருந்தன. 29 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், யாரும் இறக்கவில்லை. செகாமா ஆற்றில் நீந்தியவர்களுக்கே ஆபத்து அதிகம் என்று ஆய்வு காட்டியது. அவர்கள் எல்லோரும் நல்ல உடற்கட்டு உள்ள விளையாட்டு வீரர்கள். ஓடுகிறவர், திடமானவர் என்பதால் இந்தக் கிருமி யாரையும் விட்டுவைப்பதில்லை.

எங்கள் குழு மாற்றிக்கொண்டவை

தடுப்பு மருந்து பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். 1980களில் பனாமாவில் காட்டுப் பயிற்சிக்குப் போன அமெரிக்கப் படையினர் 940 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. வாரம் ஒரு முறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் எடுத்தவர்களில் ஒருவருக்குத்தான் நோய் வந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 20 பேருக்கு வந்தது. பலன் உண்டு. ஆனால் நாமாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் மருந்து அல்ல அது. வெயில் பட்டால் தோல் எரியும், வயிற்றைப் புரட்டும், கர்ப்பிணிகளுக்குக் கூடாது. பயண மருத்துவக் கிளினிக்கில் போகும் இடத்தையும் செய்யப்போவதையும் சொல்லிக் கேட்க வேண்டும். அங்கே மலேரியாவைப் பற்றியும் பேசிவிடலாம்.

மருந்தைவிடக் காலணியை நான் முக்கியமாக நினைக்கிறேன். வார்ச்செருப்புகளை விட்டுவிட்டோம். ஆற்றில் இறங்கும் மூடிய காலணி, உள்ளே நியோப்ரீன் காலுறை. தோல் உரிந்தால் அன்று ஆற்றில் இறங்குவதில்லை, படகிலிருந்து வீசலாம், தோமான் எங்கும் ஓடிவிடாது. கொக்கி குத்தினால் புட்டி நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, நீர்புகாத பிளாஸ்திரி ஒட்டிய பிறகுதான் அடுத்த வீச்சு. சாப்பாட்டுச் சாமான் எல்லாம் மூடி இறுகிய டப்பாவில். பெருமழை பெய்த மறுநாள் கலங்கல் நீரில் நிற்பதில்லை. இந்தக் கடைசி விதிதான் கடினம். அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிப் போய்விட்டு ஒரு நாள் கூடாரத்தில் உட்கார்ந்திருக்க யாருக்கும் மனம் வராது. அதனால் பயணத்திலேயே ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொள்கிறோம்.

அப்புறம், அந்த அரைப் பக்கத் தாள். இப்போது காட்டிலிருந்து புறப்படும் அன்றே எல்லோருடைய கைப்பேசியிலும் ஒரே குறிப்பைப் போட்டுவிடுகிறோம். பேராக் மாநிலக் காட்டாற்றில் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை இடுப்பளவு நீரில் நின்றேன், புண் இருந்தது அல்லது இல்லை, அட்டை கடித்தது, எலி இருந்தது, குரங்குகள் இருந்தன, தடுப்பு மருந்து எடுத்தேன் அல்லது இல்லை. காய்ச்சல் வந்தால் கிளினிக்கில் வாயால் சொல்வதோடு அதையும் காட்ட வேண்டும். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாளுக்குள் தொடங்கும், 2 முதல் 30 நாள்வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதனால் ஒரு மாதத்துக்கு அந்தக் குறிப்பை யாரும் அழிப்பதில்லை. வீட்டில் இருப்பவரிடமும் ஒரு நகல் இருக்கும். நூற்றிரண்டு டிகிரியில் படுத்திருப்பவருக்கு ஆற்றின் பெயர் நினைவிருக்காது.

நண்பரின் கிரியேட்டினின் சில வாரங்களில் இயல்புக்கு வந்தது. கால்களில் பழைய பலம் வர அதைவிட அதிக காலம் பிடித்தது. இந்த நோய்க்குப் பிறகு மாதங்கள் கழித்தும் கண்ணின் உட்பகுதியில் அழற்சி வரலாம் என்று கண் மருத்துவரிடமும் அனுப்பினார்கள், அங்கே ஒன்றும் இல்லை. ஒரு முறை வந்துவிட்டதால் இனி வராதா என்று அவர் கேட்டிருக்கிறார். லெப்டோஸ்பைராவில் வகைகள் ஏராளம், ஒன்றுக்கு உண்டான எதிர்ப்புச் சக்தி இன்னொன்றைத் தடுக்கும் என்று நம்ப முடியாது என்று பதில் வந்தது. அடுத்த பயணத்துக்கு அவர் வருகிறார். பயணக் கிளினிக்கில் நாளும் வாங்கிவிட்டார், புதுக் காலணியும் வாங்கியாகிவிட்டது.